உச்சி வெயிலில் எடுத்த முகம்

நெடுமாறனுக்கு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கும். புதுச்சேரியில் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே கடற்கரைச் சாலைக்குப் போய், சூரியன் எழும்புவதை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். ஊரே சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கும் நேரத்தில் அவன் மூலக்குளத்து மாடி அறையைப் பூட்டிக்கொண்டு, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் கிளம்புவான். அவனுடைய கேமராவுக்கு அந்த வெயில்தான் வேண்டும்.

கேமரா பழையது. சாரம் பகுதியில் கல்யாணப் படம் எடுக்கும் ஹரிகிருஷ்ணன் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை இவனிடம் தள்ளிவிட்டார். நெடுமாறன் அதைக் கோயம்புத்தூரில் ஒருவருக்குப் பார்சல் அனுப்பினான். எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. அந்த மனிதர் அதைக் கழற்றிவிட்டு, எதையும் தடுக்காத வெறும் கண்ணாடியை வைத்துத் திருப்பி அனுப்பினார். இனி லென்சின் வாயில் கரி மாதிரி கறுத்த ஒரு ஃபில்டரைத் திருகிவிட்டால் போதும். நாம் பார்க்கும் வெளிச்சம் முழுக்க வெளியே நின்றுவிடும். நாம் பார்க்காதது மட்டும் உள்ளே போகும்.

முதல் நாள் மாடியில் நின்று எதிர்வீட்டு முருங்கை மரத்தை எடுத்தான். இலையெல்லாம் சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெள்ளையாக இருந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. பத்து வருஷமாக அந்த மரத்தைப் பார்க்கிறவன் அன்றைக்கு அரைமணி நேரம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது. மில்லில் வேலை பார்த்த அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தங்கைகள் இருவரும் கல்யாணமாகி ஒருத்தி நெய்வேலியிலும் ஒருத்தி காரைக்காலிலும் இருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணம் செய்து முடித்து நிமிர்ந்தபோது அவனுக்கு நாற்பது. அதற்குப் பிறகு யாரும் அவன் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. படத்தை இணையத்தில் ஒரு குழுவில் போட்டான். பெயர் தெரியாத நாலு வெளிநாட்டுக்காரர்கள் இதயம் போட்டார்கள். அவ்வளவுதான்.

மற்ற ஆறு நாளும் அவன் சாரத்தில் ஜானகிராமனின் ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று வருகிற முகங்களையெல்லாம் இரண்டு சுற்று வெளுத்து, தழும்பையும் சுருக்கத்தையும் துடைத்து, ரோஜாப்பூ வட்டத்துக்குள் உட்காரவைப்பான். இறந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெளுக்கவேண்டும் என்று குடும்பத்தார் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மரங்களைத் தவிர வேறெதையும் எடுக்கக்கூடாது என்று அவன் வைத்திருந்ததற்கு இந்த முகங்களும் ஒரு காரணம்.

சித்திரை மாத வெயிலில் ஒருநாள் வில்லியனூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நர்சரி கண்ணில் பட்டது. பச்சை வலைப் பந்தலுக்கு வெளியே குரோட்டன்ஸ், அரளி, கொய்யாக் கன்று, மாங்கன்று என்று வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஆள் நடமாட்டமே இல்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனான். நாலைந்து படம் எடுத்திருப்பான்.

"செடி வேணுமா சார்?"

புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ஒருத்தி, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயசிருக்கும். கண்களைச் சுற்றியும் உதட்டைச் சுற்றியும் தோல் வெளுத்திருந்தது. குழாயைப் பிடித்திருந்த கை விரலிலிருந்து முழங்கைவரை வெள்ளையும் மாநிறமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வெண்புள்ளி.

"செடி வேணாம்மா. படம் எடுத்துக்கலாமான்னு…"

"எடுத்துட்டுதான கேக்கறீங்க."

அவன் சிரித்துவிட்டான். என்ன எடுத்தான் என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவன் கேமராவை நிழலில் பிடித்துக் காட்டினான்.

"இன்னா சார் இது? எல்லாம் வெளுத்துப்போய் செத்த மாதிரி இருக்குது."

"சாகல. உயிரோட நல்லா இருக்கிற இலைதான் இந்தக் கேமராவுல இப்படி வெள்ளையா வரும்."

அவள் நம்பவில்லை. ஒரு மூலையில் காய்ந்து சருகாகிவிட்ட செம்பருத்தியைக் காட்டி, "இத எடுங்க பாப்போம்" என்றாள். எடுத்தான். சருகு மங்கலாக விழுந்திருந்தது. பக்கத்திலிருந்த பச்சைக் கன்று மட்டும் பளீரென்றிருந்தது. அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, செம்பருத்தியைப் பார்த்துவிட்டு, "முதலாளிகிட்ட சொன்னா இதுக்கு ஒரு கேமரா வாங்கிடுவாரு" என்றாள்.

அவள் பெயர் கமலவேணி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் அங்கேதான் போனான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது இரண்டு பன்னீர் சோடா வாங்கிக்கொண்டான். முதலாளி ஞாயிறு மதியம் வரமாட்டார், வாங்குகிறவர்களும் நாலு மணிக்கு மேல்தான் வருவார்கள். கவிழ்த்துப் போட்ட சிமெண்ட் தொட்டிகளில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்து, அவன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். அவள் நல்லதை நல்லது என்பாள், பிடிக்காததை, "இது போனவாரம் எடுத்ததுதான, வேற கோணத்துல" என்பாள். அவனுடைய படங்களை இத்தனை கவனமாக யாரும் பார்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதையும் தெரிந்தது. கல்யாணமான மூன்றாம் வருஷம் கண்ணோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை. ஆறே மாதத்தில் உதட்டுக்கு வந்துவிட்டது. மாமியார் அவளுக்குத் தனித் தட்டு வைத்தாள். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் ஒன்றும் பேசாமல் பஸ் ஏற்றி அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பிறகு அவனுக்கு வேறு கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் அண்ணன் வீட்டில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் இருக்கிறாள். "அண்ணி நல்லவங்கதான். என்ன, கல்யாணம் காட்சின்னா மட்டும் என்னைய வூட்டப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போவாங்க" என்றாள். அழவில்லை. அவள் சொன்ன விதத்தில் அது யாருக்கோ நடந்தது போலத்தான் இருந்தது.

ஆனி மாதம் ஒருநாள் அவளேதான் கேட்டாள்.

"என்னைய எடுத்தா நான் முழுசா வெள்ளையாயிடுவேனா சார்?"

கேலியாகத்தான் கேட்டாள். நெடுமாறன் கேமராவைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், படித்திருந்தான். அதைக் காட்டுவது நல்லதா கெட்டதா என்றுதான் தெரியவில்லை. இதுவரை ஒரு மனித முகத்தைக்கூட அந்தக் கேமராவால் அவன் எடுத்ததில்லை.

"எடுங்க சார். பயப்படாதீங்க, கேமரா உடஞ்சிடாது."

பையிலிருந்த இரண்டு ஃபில்டர்களில் அடர்த்தியானதை மாட்டினான். அவள் தலைத்துண்டை அவிழ்த்து, முடியைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டு, சட்டைக் காலரில் குத்தியிருந்த சேஃப்டி பின்னைச் சரி செய்துகொண்டாள். குரோட்டன்ஸ் வரிசைக்கு முன்னால் வெயிலில் நின்றாள். சிரிக்கவில்லை.

திரையில் அவள் முகம் கறுப்பு வெள்ளையில் வந்தது. கண்ணோரம், உதடு, கன்னம், கழுத்து எல்லாம் ஒரே நிறம். ஒரு புள்ளிகூட இல்லை. குழந்தைத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. கேமராவை அவள் வாங்கிக்கொண்டாள். குழாயிலிருந்து தண்ணீர் ஒரு தொட்டி நிரம்பி வழிந்து அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆனப்ப இப்படித்தான் இருந்தேன்" என்றாள் கடைசியில்.

"தோலுக்கு நிறம் குடுக்கிற சத்து ஒண்ணு இருக்கு. நம்ம கண்ணுக்கு அது தெரியும். இந்த ஒளிக்குத் தெரியாது. அது இருக்கிற இடமும் இல்லாத இடமும் இதுக்கு ஒண்ணுதான்" என்று அவன் விளக்கினான். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை.

"எனக்கு அனுப்பி விடறீங்களா?"

அன்றைக்கு ராத்திரியே அது அவளுடைய வாட்ஸப் டிபி ஆனது. அதுவரை ஒரு ரோஜாப்பூதான் இருந்தது. நெடுமாறன் கடையில் வேலைக்கு நடுவே போனைத் திறந்து அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துவிட்டு மூடுவான். நாலு நாளைக்கு ஒருமுறை, "மழ வருமா சார்", "ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல" என்று அவளிடமிருந்து செய்தி வரும். பல வருஷத்துக்குப் பிறகு அவன் போனில் வேலையைப் பற்றி இல்லாத செய்தி வந்துகொண்டிருந்தது. இதற்கு என்ன பெயர் என்று அவன் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை கடைக்கு ஒருவன் பென்டிரைவோடு வந்தான். வில்லியனூர் ரோட்டில் புதன்கிழமை தோறும் வெளியூரிலிருந்து ஒரு வைத்தியர் வந்து மருந்து கொடுக்கிறாராம். வந்தவன் அவருடைய உதவியாள். எட்டுக்குப் பத்து அளவில் பன்னிரண்டு பேனர், மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரைக்கும் கட்டவேண்டும்.

"மேட்டர், போட்டோ எல்லாம் இதுல இருக்கு. சனிக்கிழம வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நெடுமாறன் கோப்பைத் திறந்தான். 'வெண்புள்ளி மூன்றே மாதத்தில் முழு குணம்' என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு படங்கள். 'முன்' என்று போட்டிருந்ததில் கமலவேணி, யாரோ போனில் எடுத்தது, வெள்ளைத் திட்டுகளோடு. 'பின்' என்று போட்டிருந்ததிலும் கமலவேணி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ அவசரமாக மாநிறம் பூசியிருந்தார்கள். இடது காது மட்டும் பூசாமல் விட்டுப்போய்ச் சாம்பலாக இருந்தது. பின்னாலிருந்த வெள்ளை இலைகளை வெட்டிவிட்டு மலையும் அருவியும் வைத்திருந்தார்கள். சட்டைக் காலரில் அந்த சேஃப்டி பின் அப்படியே இருந்தது.

அவன் எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தான். பிறகு ஜானகிராமனிடம் போனான்.

"அண்ணே, இத அடிக்க வேணாம். இது பொய்."

ஜானகிராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மாறா, நாம அடிக்கிறதுல எது பொய் இல்ல?"

"இது நான் எடுத்த படம்ணே. அந்தம்மாவுக்கு ஒண்ணும் குணமாகல. கேமரா அப்படி. இதப் பாத்துட்டு சின்னப் பிள்ளைங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வருவாங்க."

"நாம இல்லன்னா இன்னொரு கடையில அடிப்பான்." கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரே, "சனிக்கிழமதான கேட்டிருக்கான், அந்தம்மாகிட்ட முதல்ல பேசு" என்றார்.

சாயங்காலம் நர்சரிக்குப் போனான். வார நாளில் அவனைப் பார்த்ததும் கமலவேணிக்கு முகம் மலர்ந்தது. விஷயத்தைச் சொன்னதும் சுருங்கிப்போனது.

"நான்தான் குடுத்தேன். ரெண்டு வருஷமா அவர்கிட்டதான் மருந்து சாப்புடறேன். போன்ல இந்தப் படத்தப் பாத்துட்டு யாருன்னு கேட்டாரு. கேமராவுல அப்படி வருதுன்னு சொல்லிட்டேன் சார், மறைக்கல. அவருதான் அத எதுக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுன்னாரு."

"அத நம்பி வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அவள் குனிந்து தொட்டியில் களை பிடுங்கினாள். "ஒரு மாசம் இருக்கட்டும் சார். அப்புறம் மழ வந்தா கிழிஞ்சிடப்போவுது."

"கமலவேணி, அது சரியில்ல."

"எனக்கும் தெரியும்" என்றாள். பிடுங்கிய களையை ஓரமாகப் போட்டாள். பிறகு ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கேமராவோடு அந்த வைத்தியசாலைக்குப் போனான். ஒரு வீட்டின் மாடிதான் வைத்தியசாலை. கீழே சிமெண்ட் முற்றத்தில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். முட்டாக்கு போட்டவர்கள், புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டவர்கள். படியோரச் சுவரில், பேனருக்கு முன்னோட்டமாக, கமலவேணியின் இரண்டு படங்களும் தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தன. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் வரிசைக்குப் போனார்கள்.

நாலு பேர் கூடிய இடத்தில் பேசிப் பழக்கமில்லாதவன் நெடுமாறன். வந்துவிட்டானே தவிர எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் நின்றான். வரிசையின் கடைசியில் ஒரு பெண்ணும், பள்ளிச் சீருடையில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியும் நின்றார்கள். சிறுமியின் வலது கண்ணைச் சுற்றி முழு வட்டமாக வெளுத்திருந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பாப்பாவ ஒரு படம் எடுத்து உங்களுக்கே காட்டறேன். அப்புறம் அழிச்சிடலாம்."

அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள். சிறுமிதான், "எடுக்கட்டும்மா" என்று வெயிலுக்கு வந்தாள். எடுத்துத் திரையைக் காட்டினான். தாய் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மருந்தே இல்லாம போயிடுச்சு பாருங்க. ஆனா போகல. பாப்பா முகத்துல இருக்கிறது இருக்கிற மாதிரியேதான் இருக்கு. சுவத்துல ஒட்டியிருக்காங்களே, அந்தப் படமும் இந்தக் கேமராவுல நான் எடுத்ததுதான். அந்தம்மாவுக்குக் குணமாகல."

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராக வந்து திரையைப் பார்த்தார்கள். சத்தம் போடுவார்கள், மாடிக்குப் போய்ச் சண்டை பிடிப்பார்கள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நடுவயதுக்காரி முட்டாக்கை நீக்கிவிட்டு, "எனக்கும் ஒண்ணு எடுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "இந்த வெளிச்சத்துல தெனம் நின்னா போயிடுமா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. இது படத்துல மட்டும்தான்."

"சரி, படத்துலயாவது எடு."

அவன் எடுத்தான். வரிசை வைத்தியர் வீட்டுப் படியை விட்டு வேப்பமரத்துக்கு வந்துவிட்டது. சிறுமியின் தாயைத் தவிர மற்ற பத்தொன்பது பேரையும் எடுத்தான். ஒவ்வொருவரும் திரையைப் பார்த்ததும் கமலவேணி நின்றதைப் போலவே நின்றார்கள். போன் நம்பரைச் சொல்லி, "மறக்காம அனுப்புங்க" என்றார்கள். எல்லாருக்கும் அவன் ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான். இது மருந்து இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போங்கள். காதில் விழுந்ததோ என்னவோ.

பென்டிரைவ் கொண்டுவந்தவன் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தான். மாடியிலிருந்து வைத்தியரும் இறங்கிவந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். "விடுப்பா" என்று உதவியாளை விலக்கிவிட்டு, "தம்பி, இவங்க நம்பிக்கையில வர்றாங்க. அதக் கெடுத்துட்டு நீங்க என்ன குடுக்கப்போறீங்க?" என்றார்.

ஏழெட்டுப் பேர் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சிறுமியும் தாயும் அவர்களில் இருந்தார்கள். மற்றவர்கள் மறுபடியும் படியோரம் போய் வரிசையில் நின்றார்கள்.

ஆனாலும் விஷயம் பரவிவிட்டது. போனவர்கள் படத்தை உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். கறுப்பு வெள்ளையில் புள்ளியில்லாத பத்தொன்பது முகங்கள் வில்லியனூர் பக்கத்துப் போன்களில் சுற்றின. சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து இனி யாரும் ஏமாற வழியில்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை உதவியாள் கடைக்குப் போன் செய்து கத்தினான். ஜானகிராமன் முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க பென்டிரைவ வந்து வாங்கிட்டுப் போங்க" என்று வைத்துவிட்டார். பிறகு நெடுமாறன் பக்கம் திரும்பி, "இனிமே இப்படி ஏதாவது பண்றதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லு. வாங்குற திட்டுக்கு நானும் தயாரா இருப்பேன்ல" என்றார். அடுத்த புதன்கிழமையிலிருந்து வைத்தியர் அந்தப் பக்கம் வரவில்லை. திண்டிவனம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நெடுமாறன் இரண்டு பன்னீர் சோடாவோடு நர்சரிக்குப் போனான். கமலவேணி அவனைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடவில்லை.

"பேனர் வராதாமே."

"ஆமா."

"நல்லதுதான். நீங்க பண்ணதுதான் சரி." ஒவ்வொரு தொட்டியாக நனைத்துக்கொண்டே போனாள். அவன் பின்னாலேயே போனான். மாங்கன்று வரிசையின் முடிவில் நின்று திரும்பாமலே சொன்னாள்.

"என் வூட்டுக்காரரு ஊருக்கு அந்த ரோட்டுலதான் பஸ் போவுது. அவரு தெனம் மில் கேன்டீன் வேலைக்கு அதுலதான் வர்றாரு. அவங்கம்மாவும் வியாழக்கிழம சந்தைக்கு வரும். பன்னண்டு பேனரு. எங்கயாவது ஒண்ணுல என்னப் பாத்துடுவாங்கன்னு இருந்தேன். நல்லாயிட்டா போலிருக்கேன்னு ஒரு நிமிஷம் அவங்க நெனைக்கணும். அவ்வளவுதான் சார் கேட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

நெடுமாறன் சோடா பாட்டில்களைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா…"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? பேனரு அடிச்சிருப்பீங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். அடித்திருக்க முடியாது. அந்தச் சிறுமியின் கண்ணைச் சுற்றியிருந்த வட்டம் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"மாட்டேன்" என்றான்.

"அதான் சொல்லல." அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊரு ஏமாறக்கூடாது, வாஸ்தவம். ஆனா அந்த ஒரு வூட்டுக்காரங்க ஏமாந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்."

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாக யாரோ செடி வாங்க வந்திருந்தார்கள். அவள் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர்களிடம் போனாள். அவன் அரைமணி நேரம் காத்திருந்தான். அவர்கள் போன பிறகும் அவள் பந்தலுக்கு அடியிலேயே ஏதோ வேலையாக இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் எதிரே வந்து, "என்ன செடி வேணும் சார்?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. எல்லாரையும் கேட்கிற குரல்தான். அதைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை. எதைச் சொல்வது என்று தெரியாமல் ஒரு துளசியைக் காட்டினான். வேர் குலையாமல் சாக்குத் துணியில் சுற்றிக் கொடுத்து, "வெயில்ல வைங்க. தண்ணி நிக்கவுடாதீங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தபோது அவளுடைய டிபி இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறத்து உருவம்தான் இருந்தது. படத்தை எடுத்துவிட்டாளா, அவனைத் தடுத்துவிட்டாளா என்று தெரியவில்லை. அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது.

அதன்பிறகு அவன் அந்த ரோட்டைத் தவிர்த்தான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தேங்காய்த்திட்டுக்குப் போய் அலையாத்திக் காட்டை எடுத்தான். படங்கள் முன்னைவிட நன்றாக வந்தன. குழுவில் போட்டபோது நிறையப் பேர் பாராட்டினார்கள்.

மார்கழியில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், நான் செந்தமிழ்ச்செல்வி. அன்னிக்கு வேப்பமரத்தாண்ட எங்க சுடர்விழிய படம் எடுத்தீங்களே."

அவன் சொன்னதைக் கேட்டு அவள் மகளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தாள். பூசுவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு பெட்டிக்குள் நிற்கவைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். மூன்று மாதமாகிறது. "முழுசாப் போவுமான்னு டாக்டரம்மா உறுதியாச் சொல்லல சார். ஆனா கண்ணோரத்துல பொட்டு பொட்டா நிறம் வருது. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

போனை வைத்தபின் நெடுமாறன் மாடியில் அங்குமிங்கும் நடந்தான். இதைச் சொல்ல அவனுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் எண்ணை அழுத்தினான். இணைப்புப் போகவில்லை. ஒரு தாளில் டாக்டரின் பெயரையும், எந்தெந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்குப் பார்க்கிறார் என்பதையும் செந்தமிழ்ச்செல்வியிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டு, கேமரா இல்லாமல் கிளம்பினான்.

கமலவேணி உரமூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தான். மூச்சு வாங்க நின்றவளிடம் சிறுமியைப் பற்றிச் சொல்லித் தாளை நீட்டினான். அவள் அதை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்னீங்க?"

"சுடர்விழி."

"நல்ல பேரு" என்றாள். "சின்ன வயசு. கேக்கும்."

"உங்களுக்கும் கேக்கலாம். போய்ப் பாருங்க. நான் வேணா கூட வர்றேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். போறதுன்னா நானே போய்க்குவேன்."

உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். அவள் போனாள். நெடுமாறன் கையில் ஒட்டியிருந்த உரத்தூளைத் தட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாளா இல்லையா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.